அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்ததில்லையா?

கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவோடு போனில் பேசினால் பாதி நேரம் அமெரிக்காவில்தான் கழியும். அவர் மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டுக்கு, அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, விண்ணப்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, வரிசை நகர்ந்த பாடில்லை. போன மாதம் பெரியம்மா கேட்டார்: "ஏண்டா, அவ்வளவு பெரிய நாட்டுக்கு அதிபர். இந்தப் பசங்களுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா முடிஞ்சது இல்லையா?"

"அது அவர் கையில் இல்லை பெரியம்மா. காங்கிரஸ் செய்ய வேண்டிய வேலை."

"அங்கேயும் காங்கிரஸா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்குக் காங்கிரஸ் என்றால் கட்சி. அங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றத்தின் பெயர். பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியம்மா விட்டார் ஒரு கேள்வி: "அப்ப அவர் எதுக்கு அதிபர்?"

நல்ல கேள்வி. அமெரிக்க அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. அன்றைக்குப் போனில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். நம் ஊரில் மக்களவைக்கு ஓட்டுப் போடுகிறோம். அங்கே பெரும்பான்மை உள்ளவர் பிரதமராகிறார், அவர் கட்சிக்காரர்கள் மந்திரிகளாகிறார்கள். சட்டம் போடுகிறவர்களின் தலைவரே ஆட்சி நடத்துகிறவராகவும் இருப்பார். ஆகவே அவர் கொண்டுவரும் மசோதா தோற்பது அபூர்வம். முக்கியமான மசோதா தோற்றால் ஆட்சியே ஆட்டம் காணும்.

அமெரிக்காவில் இந்த இரண்டையும் வெட்டித் தனித்தனியாக வைத்துவிட்டார்கள். அதிபருக்கு ஒரு தேர்தல், பிரதிநிதிகள் சபைக்கு ஒரு தேர்தல், செனட்டுக்கு ஒரு தேர்தல். அதிபருக்கு நான்கு ஆண்டு, பிரதிநிதிக்கு இரண்டு ஆண்டு, செனட்டருக்கு ஆறு ஆண்டு. அதிலும் செனட் மொத்தமாக ஒரே நேரத்தில் மாறாது, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டும் தேர்தல். ஆக, அதிபர் ஒரு கட்சியும் அவைகள் இன்னொரு கட்சியுமாக இருப்பது அங்கே சர்வ சாதாரணம். யாரும் ஆட்சி கவிழ்ந்தது என்று பதறுவதில்லை.

காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே மந்திரியாகவும் இருக்க முடியாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2009-ல் ஹிலாரி கிளிண்டனை ஒபாமா வெளியுறவு அமைச்சர் ஆக்கியபோது, அவர் நியூயார்க்கின் செனட்டர் பதவியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. (அந்தப் பதவிக்கு அங்கே 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்று பெயர். அதை 'மாநிலச் செயலாளர்' என்று மொழிபெயர்த்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் செயலாளரும் இல்லை, மாநிலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) அதிபருக்கு அவையில் இருக்கையே கிடையாது. வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை விருந்தாளி மாதிரி வந்து உரையாற்றிவிட்டுப் போவார். அதிபர் ஜெஃபர்சன் 1801-ல் அதையும் எழுதி அனுப்பினால் போதும் என்று விட்டுவிட்டார். 1913-ல் உட்ரோ வில்சன் நேரில் வந்து பேசும்வரை நூறு வருடத்துக்கு மேல் கடிதத்தில்தான் நடந்தது.

கும்பகோணத்துக்காரருக்குத் தேரைக் காட்டிச் சொன்னால் சுலபமாகப் புரியும். தேரின் வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கலாம். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு நாலு பேர் நடந்து வருவார்களே, அவர்களில் ஒருவர் கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளினால் தேர் நின்றுவிடும். இழுக்கிறவர் எத்தனை பலசாலியாக இருந்தாலும் சரி. அமெரிக்க ஆட்சிமுறையில் வடம் பிடிக்கிறவர்களைவிட முட்டுக்கட்டைக்காரர்களைத்தான் கவனிக்க வேண்டும். அதிபர் வடத்தின் முனையில் நிற்கிறார், எல்லோர் கண்ணிலும் அவர்தான் படுகிறார். அவர் கையிலும் ஒரு கட்டை உண்டு.

யார் இப்படிச் செய்து வைத்தது?

1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் 55 பேர் கூடினார்கள். பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விடுதலை வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் இன்னொரு மன்னர் வந்துவிடக் கூடாது என்ற பயம் ஒரு பக்கம். மறு பக்கம், மன்னரே இல்லாமல் பட்ட பாடு. அதுவரை இருந்த ஏற்பாட்டில் மைய அரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. பணம் வேண்டுமென்றால் மாகாணங்களிடம் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஆயுதம் எடுத்தபோது மைய அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பலமான அரசும் வேண்டும், அது ஒருவர் கையில் சேரவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்ததுதான் முட்டுக்கட்டை.

அந்தக் கூட்டத்தில் பெரிய சண்டை, எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்பதுதான். மக்கள்தொகைப்படி கொடு என்றன பெரிய மாகாணங்கள். எல்லோருக்கும் சமமாகக் கொடு என்றன சின்னவை. கடைசியில் இரண்டையும் செய்தார்கள்: பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் மாகாணத்துக்கு இரண்டு. இன்றைக்கும் அப்படித்தான். 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 3 கோடியே 95 லட்சம் பேர். வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் கலிஃபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு ஒன்று. செனட்டின் 100 இடங்களில் இருவருக்கும் தலா இரண்டு. இதே கூட்டம்தான், இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்றும் பேரம் பேசி முடித்தது. அவர்களை ஞானிகளாகக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

இனி பெரியம்மா மகனின் கிரீன் கார்டுக்கு வருவோம். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. இது 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வைத்த கணக்கு. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் ஒரு மாவட்டம் அளவுகூட மக்கள் இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. சட்டம் போட்ட கணக்கைச் சட்டத்தால்தான் மாற்ற முடியும்.

மாற்றப் பார்த்தார்கள். 2019 ஜூலை 10-ஆம் தேதி, வேலை வழிக் கிரீன் கார்டுக்கு இந்த உச்சவரம்பை எடுத்துவிடும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு. அன்றைக்கு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் லட்டு படம் பறந்தது என்று நினைவிருக்கிறது. அப்புறம் செனட். அங்கே விவாதம் இல்லாமல், எல்லோரும் சம்மதித்தால் அப்படியே நிறைவேற்றிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த வழியில் முயன்றபோதெல்லாம் யாராவது ஒரே ஒரு செனட்டர் எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்றார், அத்தோடு நின்றது. ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்தி, ஷரத்துகளை மாற்றி எழுதி, 2020 டிசம்பர் 2-ஆம் தேதி செனட்டும் நிறைவேற்றியது.

நிறைவேற்றியதுதானே, பிறகென்ன? இரண்டு அவையும் ஒரே வாசகத்தை, ஒரு கமா மாறாமல் நிறைவேற்றினால்தான் மசோதா அதிபர் மேசைக்குப் போகும். சபை நிறைவேற்றியது ஒன்று, செனட் நிறைவேற்றியது வேறொன்று. செனட்டின் மாற்றங்களைச் சபை ஏற்கவில்லை. இருந்தது ஒரு மாதம். 2021 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் ஈராண்டுக் காலம் முடிந்தது, அதனோடு மசோதாவும் செத்தது. புதுக் காங்கிரஸில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இரண்டு அவையும் 'சரி' என்ற பிறகும் சட்டம் ஆகாமல் போவது எப்படி என்று பெரியம்மாவுக்குச் சொல்ல எனக்கு இரண்டு போன் கால் ஆனது.

அறுபது என்ற எண்

செனட்டில் நூறு பேர். பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 பேர் வேண்டும். அரசியல் சட்டத்தில் இந்த எண் எங்கும் இல்லை. செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. ஒரு செனட்டர் பேச எழுந்தால் அவரை உட்கார வைக்க முடியாது என்பது பழைய வழக்கம். பேசிக்கொண்டே இருந்தால் ஓட்டெடுப்பே நடக்காது. இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1917-ல்தான் பேச்சை நிறுத்த ஒரு வழி வைத்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் நிறுத்தலாம் என்று. 1975-ல் அதை ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 ஆகக் குறைத்தார்கள்.

1957-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வந்த மசோதாவைத் தடுக்க ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற தென்மாகாணச் செனட்டர் 24 மணி 18 நிமிடம் நின்றபடியே பேசினார். மசோதா பிறகு நிறைவேறிவிட்டது, சாதனை மட்டும் அவர் பேரில் இருந்தது. 2025 மார்ச் 31 மாலை ஆரம்பித்து மறுநாள் இரவு வரை 25 மணி 5 நிமிடம் பேசி அதை முறியடித்தவர் கோரி புக்கர், கறுப்பினத்தவர். பெரியம்மா மகன் வசிக்கும் நியூ ஜெர்சியின் செனட்டர்தான். ஆனால் இதெல்லாம் அபூர்வமான காட்சி. இப்போது யாரும் கால் வலிக்க நிற்பதில்லை. "நாங்கள் தடுப்போம்" என்று சொல்லிவிட்டால் போதும், 60 பேர் இல்லையென்றால் மசோதா அப்படியே கிடக்கும்.

இந்தக் கட்டையிலிருந்து தப்பிக்க இரண்டு சந்து இருக்கிறது. அதிபர் நியமிக்கும் நீதிபதிகளுக்கும் மந்திரிகளுக்கும் இப்போது பாதிக்கு மேல் இருந்தால் போதும். வரவு செலவு சம்பந்தமான சில மசோதாக்களுக்கும் அப்படித்தான். அங்கேதான் துணை அதிபர் வருகிறார். செனட்டுக்குத் தலைவர் அவர். ஆனால் ஓட்டு கிடையாது, 50-க்கு 50 என்று நின்றால் மட்டும் உண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்ற கிராமம் இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊர். ஹாரிஸ் துணை அதிபரானபோது செனட் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. நான்கு வருடத்தில் 33 முறை அவர் ஓட்டுப் போட்டுத்தான் முடிச்சு அவிழ்ந்தது. அமெரிக்க வரலாற்றில் எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை போட்டதில்லை. ஜான் கால்ஹூன் என்ற துணை அதிபர் 1832-ல் 31 முறையோடு விட்டுவிட்டுப் போன சாதனையை அவர் முறியடித்தார். அடிமை முறையை வரிந்துகட்டிக்கொண்டு ஆதரித்த மனிதர் அந்தக் கால்ஹூன்.

ஒரு கட்டை விரல்

நம்மவர்களுக்கு மிகவும் விளங்காத இடம் இனிமேல்தான். ஒரே கட்சிக்கு அதிபர் பதவியும் இரண்டு அவைகளும் இருந்தால் எல்லாம் சுலபமாக நடக்க வேண்டுமே?

2017-ல் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்கு மூன்றுமே இருந்தன. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிப்போம் என்று ஏழு வருடமாகச் சொல்லி ஓட்டு வாங்கிய கட்சி. சபையில் ஒரு மசோதா நிறைவேறிவிட்டது. ஜூலை 28, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் செனட்டில் ஓட்டெடுப்பு. வரவு செலவுச் சந்து வழியாகக் கொண்டுவந்ததால் 50 பேர் போதும், துணை அதிபர் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார். சொந்தக் கட்சிப் பெண் செனட்டர்கள் இருவர் ஏற்கெனவே எதிர்ப்பு. அப்போது அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் உள்ளே வந்தார். எண்பது வயது. மூளையில் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன, அறுவை சிகிச்சைத் தழும்பு இடது புருவத்துக்கு மேல் தெரிந்தது. எழுத்தர்களின் மேசை முன்னால் போய் நின்று வலது கையை நீட்டினார். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கட்டை விரலைக் கீழே காட்டினார். அவரது கட்சித் தலைவர் இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். 49-க்கு 51. மசோதா காலி.

இதே இந்தியாவாக இருந்தால்? கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும். 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. கொறடா இருக்கிறார், ஆனால் அவரால் கெஞ்ச முடியும், பேரம் பேச முடியும், ஏசவும் முடியும். பதவியைப் பறிக்க முடியாது. சொல்லப்போனால், அடுத்த தடவை சீட் கிடையாது என்று மிரட்டக்கூட முடியாது.

ஏனென்றால் சீட் கொடுப்பது கட்சித் தலைமை இல்லை. பிரைமரி என்ற ஒரு முன்தேர்தல் நடக்கும். கட்சியின் சார்பில் நிற்கப் போவது யார் என்று அந்தத் தொகுதியின் சாதாரண வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பல மாகாணங்களில் வாக்காளராகப் பெயர் பதியும்போதே எந்தக் கட்சிக்காரர் என்று எழுதிக் கொடுக்கலாம். பணம் கட்டி உறுப்பினர் அட்டை எல்லாம் வாங்க வேண்டாம். 2014-ல் எரிக் கேன்டர் என்பவர் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்துத் தலைவர். அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். வர்ஜீனியாவில் அவரது பிரைமரியில் ஒரு கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றுப் போனார். நம் ஊரில் ஒரு கட்சியின் இரண்டாம் தலைவர் பொதுத்தேர்தலுக்கு முன்பே தன் தொகுதிக் கட்சிக்காரர்களிடம் தோற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதனால் அங்கே உறுப்பினர் பயப்படுவது மேலே இருக்கும் தலைமைக்கு இல்லை, கீழே தன் பிரைமரியில் ஓட்டுப் போடும் கூட்டத்துக்கு. இது ஜனநாயகத்தின் உச்சம் என்று சிலர் மெச்சுவார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. பிரைமரிக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் தீவிரமானவர்களே அதிகம். அதிபர் ஒருவருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் பிடி இருந்தால், அவர் கட்சிக்காரர்கள் எந்தக் கொறடாவும் இல்லாமலே வரிசையில் நிற்கிறார்கள்.

"லட்சம் டாலரை மட்டும் எப்படிப் போட்டார்?"

இது பெரியம்மாவின் அடுத்த கேள்வி. சும்மா விடுகிறவர் இல்லை அவர். 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி, புதிய எச்-1பி (வெளிநாட்டவருக்கான வேலை விசா) விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று டிரம்ப் பிரகடனம் போட்டார். ஒரே ராத்திரியில் உலகம் முழுக்க விமான நிலையங்களில் பதற்றம். கெட்டது செய்ய மட்டும் அதிகாரம் உண்டா என்றார் பெரியம்மா.

அதிபரின் அதிகாரத்தில் ஒரு பகுதி அரசியல் சட்டம் நேராகக் கொடுத்தது: முப்படைகளின் தலைமை, மன்னிப்பு வழங்குவது, வெளிநாடுகளோடு பேசுவது, மசோதாவைத் திருப்பி அனுப்பும் வீட்டோ. அந்த வீட்டோவை முறியடிக்க இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதனால் அவர் கையில் இருக்கும் கட்டை மிகக் கனமானது. இன்னொரு பகுதி, காங்கிரஸ் பல காலமாகச் சட்டங்கள் மூலம் அவருக்குக் கடன் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரம். 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில், நாட்டின் நலனுக்குக் கேடு என்று கருதினால் எந்த வகை வெளிநாட்டவரின் வருகையையும் அதிபர் நிறுத்தலாம், கட்டுப்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிரகடனம் வந்தது. பணம் வசூலிக்க அது இடம் கொடுக்கிறதா என்று உடனே வழக்குகளும் வந்தன. ஆனால் ஆண்டுக்கு 65,000, அங்கே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற எச்-1பி உச்சவரம்பை அவரால் ஒன்று கூட்டவோ குறைக்கவோ முடியாது. அது காங்கிரஸ் எழுதிய எண்.

நல்லதும் இந்த வழியில் நடந்திருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களின் கணவனோ மனைவியோ எச்-4 விசாவில் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று 2015-ல் ஒபாமா நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. எத்தனையோ தமிழ்ப் பெண்கள் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தவர்கள், அந்த விதியால்தான் மறுபடி வேலைக்குப் போனார்கள். பெரியம்மாவின் மருமகளும் அதில் ஒருத்தி. ஆனால் ஒரு நிர்வாகம் எழுதியதை இன்னொரு நிர்வாகம் அழித்துவிடலாம், ஆகவே அந்த வீட்டில் ஒவ்வொரு அதிபர் தேர்தலும் வயிற்றில் புளியைக் கரைக்கும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் பட்ட பாடு இன்னும் வேடிக்கை. ஒபாமா சேர்த்தார், டிரம்ப் விலக்கினார், பைடன் பதவியேற்ற அன்றே மறுபடி சேர்க்கக் கையெழுத்திட்டார், டிரம்ப் திரும்பி வந்த அன்றே மறுபடி விலகக் கையெழுத்திட்டார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு உடன்படிக்கையாக ஏற்றிருந்தால் இவ்வளவு சுலபமாக இந்த ஊசலாட்டம் நடந்திருக்காது. அந்த ஆதரவுதான் கிடைக்கவே கிடைக்காதே!

கடன் வாங்கிய அதிகாரத்துக்கு மேல் போனால் நீதிமன்றம் நிற்கிறது. 1952-ல் கொரியப் போர் நடுவில் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்றதும், அதிபர் ட்ரூமன் ஆலைகளையே அரசு வசம் எடுத்துக்கொண்டார். போர்க்காலம், படைக்கு எஃகு வேண்டும் என்பது அவர் வாதம். எந்தச் சட்டம் உங்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்தது என்று கேட்டது உச்ச நீதிமன்றம். 6-க்கு 3 என்று தீர்ப்பு, ஆலைகள் முதலாளிகளிடமே திரும்பிப் போயின.

சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு 1803-லிருந்து இருக்கிறது. அரசியல் சட்டம் அதை வெளிப்படையாகக் கொடுக்கவில்லை, ஒரு வழக்கில் நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. ஒன்பது நீதிபதிகள், ஓய்வு வயது கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவி. அதனால்தான் ஒரு நீதிபதி இறந்தால் அங்கே அத்தனை அமளி. 2016 பிப்ரவரியில் ஒரு இடம் காலியானது. தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லி, ஒபாமா நியமித்தவரைச் செனட்டின் குடியரசுக் கட்சியினர் விசாரிக்கக்கூட இல்லை. 2020 செப்டம்பரில் இன்னொரு இடம் காலியானது. இந்த முறை அதே கட்சி, தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஆளை உட்கார வைத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, கருக்கலைப்புக்கு 1973-லிருந்து இருந்த உரிமை அந்த நீதிமன்றத்தில் பறிபோனது.

பணம் மட்டும் முழுக்கக் காங்கிரஸின் சாவி. அக்டோபர் 1-ல் அங்கே புது நிதியாண்டு. அதற்குள் செலவு மசோதா வராவிட்டால் அரசு அலுவலகங்களைப் பூட்ட வேண்டியதுதான். நம் ஊரில் பட்ஜெட் தோற்றால் அரசு விழும், அலுவலகம் திறந்திருக்கும். அங்கே அரசு அப்படியே இருக்கும், அலுவலகம் மூடும். 2025-ல் 43 நாள் மூடியது, அதுவரை நடந்தவற்றில் அதுதான் அதிக நாள். செனட்டில் ஆளுங்கட்சிக்கு 53 பேர் இருந்தும் அந்த 60 கிடைக்கவில்லை. எதிர்வரிசையிலிருந்து எட்டுப் பேர் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் முடிந்தது. அதுவரை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள்.

நம் செய்திகளில் அடிக்கடி தப்பாக வருகிற இன்னொன்று, இம்பீச்மென்ட். அதைப் 'பதவி நீக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். பிரதிநிதிகள் சபை செய்வது குற்றச்சாட்டு மட்டும், அதற்குப் பாதிக்கு மேல் போதும். நீக்குவது செனட், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-ல் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். பில் கிளிண்டன் ஒரு முறையும் டிரம்ப் இரு முறையும் இப்படிக் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஆனால் இதுவரை ஒரு அதிபரைக்கூடச் செனட் நீக்கியதில்லை. நிக்சன் அதற்குள் தானே விலகிவிட்டார்.

மாகாணங்களை மறந்துவிடக் கூடாது. மரண தண்டனை டெக்சஸில் உண்டு, நியூ ஜெர்சியில் 2007-லேயே ஒழித்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் மாகாண வருமான வரி உண்டு, டெக்சஸில் கிடையாது. தேர்தலைக்கூட நாடு முழுக்க நடத்த ஒரு தேர்தல் ஆணையம் இல்லை. மாகாணங்களும், மாவட்டம் மாதிரியான 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகளும் தங்கள் தங்கள் விதிப்படி நடத்துகின்றன. அதிபர் தேர்தலும் உண்மையில் ஒரே தேர்தல் இல்லை, மாகாணத் தேர்தல்களின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதன் பிரதிநிதிகள், செனட்டர்கள் எத்தனை பேரோ அத்தனை தேர்வாளர்கள், அவர்கள் போடும் ஓட்டில்தான் அதிபர் தேர்வாகிறார். தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. மொத்தம் 538, ஜெயிக்க 270. மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற இடங்களில் மாகாணத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அத்தனை தேர்வாளரும் அவருக்கே. 2020-ல் டிரம்ப்புக்குக் கலிஃபோர்னியாவில் 60 லட்சம் ஓட்டு விழுந்தது. அங்கிருந்து ஒரு தேர்வாளர்கூட வரவில்லை. 2016-ல் ஹிலாரி நாடு முழுவதும் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கியும் தோற்றார். 2000-ல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் ஒரு அதிபரைத் தீர்மானித்தது.

இந்த முறை பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாமே? மாற்றலாம். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 50 மாகாணங்களில் 38 சம்மதிக்க வேண்டும். இந்திய அரசியல் சட்டத்தை நூறு தடவைக்கு மேல் திருத்தியாயிற்று. அமெரிக்காவில் இத்தனை வருடத்தில் 27 தான். அந்த 27-ஆவது திருத்தத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளத்தை மாற்றிக்கொண்டால், இடையில் ஒரு தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். 1789-ல் காங்கிரஸ் அனுப்பியது. போதிய மாகாணங்கள் சம்மதிக்கவில்லை, கிடப்பில் போனது. 1982-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர் ஒருவர் நூலகத்தில் இதைக் கண்டுபிடித்தார். காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லையே, இப்போதும் உயிரோடுதானே இருக்கிறது என்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினார். நடக்காத காரியம் என்று ஆசிரியர் 'சி' மதிப்பெண் போட்டார். மாணவர் விடவில்லை. மாகாணச் சட்டமன்றங்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பத்து வருடம் எழுதினார். ஒவ்வொரு மாகாணமாகச் சம்மதம் சொல்லி, 1992 மே மாதம் 38-ஐத் தொட்டது. அனுப்பி 202 வருடம் கழித்து அது அரசியல் சட்டத்தில் ஏறியது. பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணைத் திருத்தி 'ஏ' கொடுத்தது 2017-ல்.

பெரியம்மாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அந்தப் பையன் விலாசம் கிடைக்குமா?"